மைய ஆணி

ஐப்பசி மழை இரண்டு நாளாக விட்டுவிட்டுப் பெய்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கொஞ்சம் வெறித்திருந்தது. சுப்பிரமணியன் பலாப்பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் ஷீட் கொட்டகைக்குப் போனான். கரும்புக்கட்டு தூக்கிக் காய்த்துப்போன தோள் அது. துணி துவைக்கிற கல்லைக் காலால் தொட்டு, அங்கிருந்து திரும்பி, கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

தரையில் ஒரு பழைய பலகை கிடந்தது. அதன்மேல் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டி, பலாப்பலகையை வைத்து முட்டிக்காலால் அழுத்தினான். இப்படி ஒட்டாவிட்டால், வட்டம் முழுசாக வெட்டுப்பட்டதும் உள்ளே இருக்கிற தட்டு பிய்த்துக்கொண்டு பறக்கும். ஒருமுறை பறந்துவந்து விலாவில் அடித்திருக்கிறது. மூலைக்கு மூலை கயிறு இழுத்துக் கட்டினான். இரண்டு கயிறும் ஒன்றை ஒன்று தாண்டுகிற இடத்தில் விரலை வைத்து, நகத்தால் கீறி, ஆணியை நிறுத்தி அடித்தான்.

மரம் வெட்டுகிற டிரிம்மர் மெஷினின் அடியில் நீளமான பிளைவுட் பட்டை ஒன்றைத் திருகி வைத்திருந்தான். பட்டை நெடுகத் துளைகள். எந்தத் துளையை ஆணியில் மாட்டுகிறானோ அந்த அளவுக்கு வட்டம் வரும். ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் அரத்தால் ராவிய வெட்டு இருந்தது. விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். மகள் வெண்மதி பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது அவளே உட்கார்ந்து ராவிக் கொடுத்தது.

ஒயரைத் தோள்மேல் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினான். மெஷின் கத்தியது. ஒரே தடவையில் ஆழமாக வெட்டமாட்டான். நகக்கண் அளவு இறக்கி ஒரு சுற்று, மறுபடி இறக்கி ஒரு சுற்று. முட்டிபோட்டபடியே மெஷினோடு சேர்ந்து அவனும் ஆணியைச் சுற்றி வருவான். மரத்தில் கணு வந்தால் மெஷினின் கத்தல் அடித்தொண்டைக்கு இறங்கும். அப்போது கையைத் தளர்த்துவான். பலாத்தூள் மூக்கில் ஏறி இனித்தது. வேம்பு என்றால் தொண்டை கசக்கும். பிளைவுட் என்றால் பசை நாற்றம்.

“செவுடாக்கிட்டுதான் வுடுவியா மாமா?” என்று அடுப்படியில் இருந்து அமராவதி கத்தினாள். அவள் சுப்பிரமணியனின் மாமன் மகள். கல்யாணமான நாளில் இருந்து மாமா என்றும் சொல்வாள், நீ என்றும் சொல்வாள். “கண்ணுதான் இல்ல, காதாவது இருக்கட்டும்னு நெனைக்கமாட்டியா? அக்கம்பக்கத்துக்காரன் என்னியத்தான் கேக்குறான்.”

அவன் மெஷினை நிறுத்தவில்லை. இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது.

சுப்பிரமணியனுக்குக் கண் ஒரு நாளில் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோதே பொழுது இறங்கினால் தட்டுத்தடுமாறுவான். மாலைக்கண் என்று ஆட்டு ஈரலும் முருங்கைக் கீரையும் தின்னக் கொடுத்தார்கள். கரும்பு லோடு ஏற்றப் போன பிறகு பக்கவாட்டில் இருப்பது மறையத் தொடங்கியது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேராக இருப்பது மட்டும் தெரிந்தது. தலையில் கட்டோடு சாரப்பலகையில் ஏறி லாரிக்குப் போகவேண்டும். ஒருநாள் சாயங்காலம் பலகை முடிந்த இடத்தில் முடியவில்லை என்று நினைத்துக் காலை வைத்தான். இடுப்பு நொறுங்காமல் தப்பித்தது பெரிய விஷயம். அத்தோடு லோடு வேலை முடிந்தது. அடுத்த சில வருடத்தில் குழாயும் அடைத்துக்கொண்டது. அவனுடைய தாய்மாமன் ஒருவருக்கும் இப்படித்தான் போனது. அவர் அமராவதிக்குப் பெரியப்பா. இரண்டு பக்கமும் ஒரே ரத்தம். இது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

அவனோடு லோடு ஏற்றிய ராபர்ட், பிறகு நெல்லிக்குப்பத்தில் ஃபர்னிச்சர் கடை வைத்தான். சும்மா உட்கார்ந்திருந்தவனை ஒருநாள் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பட்டறையில் உட்காரவைத்தான். சுப்பிரமணியன் மெஷினைத் தடவிப்பார்த்து, வெட்டிப்பார்க்கிறேன் என்றான். நேராக வெட்டப் பார்த்தால் கோணிக்கொண்டு ஓடியது. பக்கத்தில் ஒரு கட்டையை அணைத்து ஓட்டினாலும் விலகியது. “ஒரு ஆணிய அடிச்சி அதுல கட்டி ஓட்டுடா” என்று ராபர்ட் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆணியில் கட்டிய மெஷின் எங்கும் ஓடமுடியவில்லை. சுற்றி வந்து, ஆரம்பித்த இடத்திலேயே முட்டியது. அந்தத் தட்டின் விளிம்பைச் சுப்பிரமணியன் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான். ராபர்ட் புது மெஷின் வாங்கியபோது பழையதை இவனுக்கே கொடுத்துவிட்டான்.

விற்பதற்கு ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர்க்குடத்துக்கு மூடி, உட்காருகிற முக்காலி, கூடத்தில் இருக்கிற வட்ட டீப்பாய். ஒன்றுக்கும் உதவாத வெறும் தட்டுகளும் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தன. அமராவதி அவற்றை அடுப்புக்கு எடுத்தால் சண்டை வரும்.

வெண்மதி சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் வேலை பார்த்தாள். காலையில் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். வந்ததும் பையைக்கூட இறக்காமல் கொட்டகைக்கு வருவது வழக்கம். வெட்டிய தட்டை அது வந்த ஓட்டையிலேயே திரும்பப் போட்டு, சுற்றி இருக்கிற இடுக்கு ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்து மார்க் போடுவாள். சின்னப்பிள்ளையில் தொடங்கிய விளையாட்டு அது. பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது. பத்துக்குப் பத்து அபூர்வம். சலுகை காட்டமாட்டாள்.

அன்றைக்கும் வந்தாள். மழை இருட்டு. கொட்டகையில் ஒரு மஞ்சள் பல்பு எரிந்தது.

“என்னாப்பா இன்னிக்கி, பலாவா?”

“பலாதான். ராபர்ட்டு குடுத்தான். பாரு.”

சுப்பிரமணியனுக்கு அந்தத் தட்டில் திருப்தி இல்லை. கடைசிச் சுற்றில் ஆணி ஆடிவிட்டது. சுற்று ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் சேராமல் படிபோல நின்றது. விரல் பட்டாலே தெரிந்தது. ஆறு கூடத் தேறாது என்று நினைத்திருந்தான்.

வெண்மதி தட்டை ஓட்டையில் வைத்தாள்.

“பத்துக்குப் பத்துப்பா.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டுதான் சொல்றன். பசிக்கிது, நான் போறன்.”

போகிற வழியில் துவைக்கிற கல்லோரம் இருந்த வாளியை உதைத்துத் தள்ளினாள். வாளி உருண்டது. “கண்ண எங்க வெச்சிகினு நடக்குற? பிராக்கு பாக்குற வயசா இது?” என்று அமராவதி அதட்டினாள். வெண்மதி சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்ததாகச் சுப்பிரமணியனுக்குப் பட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நல்ல வெயில் அடித்தது. வெண்மதி கொட்டகையில் துடைப்பத்தைத் தேடிக்கொண்டு வந்தவள், அலமாரிப் பலகையில் இருந்த தட்டைக் கையில் எடுத்தாள்.

“அய்ய, இது எப்ப வெட்டுனது? இந்த எடத்துல படி மாரி நிக்கிதே. இதுக்கு அஞ்சி மார்க்குகூட போடமாட்டன் போ.”

சுப்பிரமணியன் வாய்வரை வந்ததை விழுங்கினான். பலாத்தட்டு அந்த அலமாரியில் ஒன்றுதான் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் பத்துக்குப் பத்து வாங்கிய தட்டு.

“பழசும்மா” என்றான். “அப்டி வெச்சிடு.”

அவள் கூட்டிவிட்டுப் போனாள். அவன் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சில மாதமாக அவள் பகல் ஷிப்ட் மட்டும்தான் பார்க்கிறாள். ஸ்டேஷனில் இருந்து தனியாக நடந்து வருகிறவள், இப்போது கூட வேலை பார்க்கிற எழிலரசியின் கையைக் கோத்துக்கொண்டுதான் வருகிறாள். சினேகிதம் என்று அமராவதி சொன்னாள். பகலில் தெரிகிறது, பொழுது இறங்கினால் தெரியவில்லை. அவனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது.

அமராவதியிடம் சொல்லவில்லை. சொல்லுகிற நேரமாகவும் அது இல்லை. புவனகிரியில் இருந்து பெண் பார்க்க வரப்போகிறார்கள். மாப்பிள்ளை அன்பரசு, கடலூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வெண்மதியோடு போனில் பேசவும் தொடங்கிவிட்டான்.

புதன்கிழமை அமராவதி நெத்திலி ஆய்ந்துகொண்டே பேச்சை எடுத்தாள். மீன்தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிற சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

“வர ஞாயித்துக்கெழம காலையில வர்றாங்க. அவுங்க தாய்மாமன் தில்லைநாதன்னு ஒருத்தரு. அந்தாளு தோண்டித் துருவுவாராம். ஒன்னியக் கேப்பாரு, கண்ணு எப்டிப் போச்சின்னு. என்னா சொல்லுவ?”

“எப்டிப் போச்சோ அப்டித்தான் சொல்லுவன்.”

“சொல்லுவ, சொல்லுவ. எங்க வம்சத்துல இப்டித்தான்னு சொல்லிட்டு ஒக்காந்திரு. அதோட எழுந்து பூடுவாங்க. அதுக்கப்பறம் எவன் வருவான் இந்த ஊட்டுப் படி ஏறி?”

“பொறவு என்னாதான் சொல்லச் சொல்ற?”

“மெஷின்ல போச்சின்னு சொல்லு. மரம் அறுக்கும்போது சிலாம்பு தெறிச்சி ரெண்டு கண்ணும் போச்சின்னு. நான் தரகருகிட்ட அப்பவே சொல்லிட்டன்.”

“கண்ணு போன பொறவுதானடி மெஷினே வாங்குனன்?”

“அது அவுங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும், இந்தத் தெருவுக்குத் தெரியும். தெருவுல யாரும் சொல்லமாட்டாங்க, நானும் அவுங்க ஊட்டுக் கதய சொல்றதில்ல.”

நெத்திலி கிள்ளுகிற சத்தம் நின்றது.

“இந்தா மாமா. நான் ஒண்ணியும் எனக்காகக் கேக்கல. கள வெட்டி, நூறு நாளு வேலைக்கிப் போயி, ஒனக்குக் கஞ்சி ஊத்தி அவளப் படிக்க வெச்சன். ஒரு வார்த்த, ஒரே வார்த்த பொய் சொல்லு. அவளுக்கு என்னா கண்ணு தெரியாமயா பூட்டுது? கண்ணு நல்லாத்தான இருக்கு அவளுக்கு?”

“ம்” என்றான்.

ஆனால் சொல்லிவிடுவது என்று அந்த வார முடிவுக்குள் தீர்மானித்துவிட்டான். அவன் கண் போனபோது அமராவதி அவனை விட்டுப் போகவில்லை. அவள் மாமன் மகள், எங்கே போவாள்? வெண்மதி போகிற வீடு அப்படியா? மறைத்துக் கட்டிக்கொடுத்து, பிள்ளையோடு அவள் தட்டித் தடவுகிற நாளில், ஏமாற்றிவிட்டார்கள் என்று கையைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். அதைவிட இப்போதே எழுந்து போகட்டும். பெண்ணுக்கும் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. இது வம்சத்தில் வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் புரிந்துகொள்வார்கள். அமராவதி கத்துவாள், கத்தட்டும். சனிக்கிழமை முழுக்க அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததில் இருந்தே மழை. காலையில் வருவதாகச் சொன்னவர்கள் மத்தியானம் வரை வரவில்லை. ஆலப்பாக்கத்தாண்ட ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, வண்டி நகரவில்லை என்று போன் வந்தது. கேசரி ஆறிக் கெட்டியானது. அமராவதி அதை இரண்டுமுறை சூடாக்கினாள். பஜ்ஜி மாவைக் கரைத்து வைத்தவள், புளிக்கிறது என்று புலம்பினாள். வெண்மதி புடவை கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் குறையக் குறைய அவள் நாற்காலி நகர்கிற சத்தம் அடிக்கடி கேட்டது.

“இன்னிக்கி வர வேணாம்னு சொல்லிடேம்மா” என்றாள். “இன்னொரு நாளு காலையில வரட்டும்.”

“பாதி வழி வந்தவங்கள திருப்பி அனுப்புறதா? நல்லாருக்குடி ஒன் நியாயம்.”

அவர்கள் வந்தபோது பொழுது இறங்கிவிட்டது. வந்து உட்காருவதற்கும் கரண்ட் போவதற்கும் சரியாக இருந்தது. அமராவதி சாமி படத்துக்கு முன்னால் இருந்த காமாட்சி விளக்கைக் கூடத்துக்கு எடுத்து வந்தாள். யாரோ செல்போன் டார்ச்சை அடித்தார்கள். “அத அணைப்பா, மூஞ்சில அடிக்கிது, வெளக்கு போதும்” என்று ஒரு தடித்த குரல் சொன்னது. அதுதான் தில்லைநாதன்.

மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மாள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்பரசு மெதுவாகப் பேசுகிற பையன். “நல்லாருக்கீங்களா மாமா?” என்று சுப்பிரமணியனின் கையைத் தேடிப் பிடித்துக் கேட்டான். கைப்பிடி உறுதியாக இருந்தது. சுப்பிரமணியனுக்கு அவனைப் பிடித்துப்போனது. அது வேறு கஷ்டமாக இருந்தது.

“இந்த டீப்பாய் நீங்க செஞ்சதுங்களா? தரகரு சொன்னாரு” என்றார் தில்லைநாதன். விளிம்பில் அவர் கை ஓடுவது கேட்டது. “கண்ணு தெரிஞ்சவன் செஞ்சாக்கூட இவ்ளோ சுத்தமா வராதுங்களே. எப்டிங்க?”

“நடுவுல ஒரு ஆணிங்க. மத்ததெல்லாம் அது பாத்துக்கும்.”

“சரி சரி. கண்ணு எப்டிங்க போச்சி? பொறப்புல இருந்தேவா? நடுவுலயா?”

சுப்பிரமணியன் தொண்டையைச் செருமினான். அமராவதி பஜ்ஜித் தட்டோடு பக்கத்தில் நின்றாள். அவள் மூச்சு நின்றது அவனுக்குத் தெரிந்தது.

“அது வந்துங்க…” என்று ஆரம்பித்தான்.

அப்போது அடுப்படி வாசலில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. வெண்மதி காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். வாசல் வரை வந்த சத்தம் அங்கேயே நின்றுவிட்டது. வாசலுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் அந்நிய ஆட்களின் கால்கள், இழுத்துப் போட்ட நாற்காலிகள், நனைந்த குடைகள். கூடம் பூராவுக்கும் ஒரே ஒரு விளக்கு. அவளுக்கு என்ன தெரியும் என்று அவனுக்குத் தெரியும். விளக்கு ஒரு புள்ளி, அதைச் சுற்றிக் கறுப்பு.

கூடத்தில் எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

சுப்பிரமணியனின் விரல் டீப்பாய் விளிம்பைத் தட்டியது. டக். டக். டக். சும்மா உட்கார்ந்திருப்பவன் தாளம் போடுவதுபோல. அவன் யோசித்துச் செய்யவில்லை. இடது கையால் பக்கத்தில் இருந்த அன்பரசுவின் முட்டியைத் தொட்டு, “செத்த காலு நவுத்திக்கங்க தம்பி, வழி வுடுங்க” என்றான். டக். டக்.

கொலுசு நகர்ந்தது. ஒரு அடி. நின்று, இன்னொரு அடி. தட்டுகிற சத்தத்தை நோக்கி வந்தது. குடை ஒன்று சரசரத்தது, அதை ஒதுக்கிக்கொண்டு வந்தது. காப்பி மணம் முகத்தில் பட்டது. தட்டு டீப்பாயில் இறங்கியது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

“என்னா அடக்கம் பாருண்ணே” என்றாள் ரத்தினம்மாள் தன் அண்ணனிடம். “தலையக்கூட நிமித்தல. தரையப் பாத்து அடிமேல அடி வெச்சி வருது. இந்தக் காலத்துல இப்டி எங்க இருக்கு? இப்ப உள்ளதுங்க டங்கு டங்குன்னு வந்து எதுருக்க ஒக்காந்துக்குதுங்க.”

“ஆமா ஆமா” என்றார் தில்லைநாதன். காப்பியை உறிஞ்சினார். “நீங்க சொல்லுங்க சம்மந்தி. கண்ணு?”

சம்மந்தி என்றுவிட்டார். சுப்பிரமணியன் சொல்லவந்த வார்த்தையைத் தேடினான். அது இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தட்டி வழிகாட்டி மறைத்தாயிற்று, இனிமேல் எதைச் சொல்வது?

“மெஷின்லங்க” என்றான். “மரம் அறுக்கும்போது சிலாம்பு தெறிச்சிடிச்சி.”

அமராவதி மூச்சு விட்டாள்.

“த்சொ. ரெண்டு கண்ணுமேவா? அந்த மெஷினு இன்னம் ஊட்லதான் இருக்கா?”

“இருக்குதுங்க.”

“தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணப் புடுங்குனத ஊட்ல வெச்சிகினு அதுலயே வேலயும் செய்யிறீங்களே, அது நல்லதில்ல. நாளைக்கி எங்க புள்ளைங்க வந்து போற எடம். கல்யாணத்துக்கு முன்ன அத வெளிய அனுப்பிடுங்க.”

“அனுப்பிடுறமுங்க” என்றாள் அமராவதி. “நானே சொல்லிகினுதான் இருக்கன்.”

தை மாசம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் கரண்ட் வந்தது. அமராவதி தெருவில் நின்று எதிர்வீட்டுக்காரியிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் அப்படிப் பேசினாள்.

மறுநாள் வெண்மதி வேலைக்குப் போகவில்லை. காலையில் கொட்டகைக்கு வந்து, அப்பனுக்குப் பக்கத்தில் தூள்மேலேயே உட்கார்ந்தாள்.

“எப்பருந்துப்பா ஒனக்குத் தெரியும்?”

“அந்தப் பலாத்தட்டுல இருந்து.”

“அந்தப் படி வெச்சதா?” சிரிக்கப் பார்த்தாள். “அது பழசுன்னு சொன்ன.”

“ஒனக்கு எப்பருந்து?”

“ரெண்டு வருசமா. பாண்டியில போயிப் பாத்தன், எழிலரசியோட. சொட்டு மருந்து வுட்டு, லைட்டு அடிச்சி, எல்லாம் பாத்தாங்க. ஊட்ல யாருக்காவது இருக்கான்னு கேட்டாங்க. எங்கப்பாவுக்குன்னன். அந்த டாக்டரம்மா அதுக்கப்பறம் ஒண்ணும் கேக்கல.”

“வைத்தியம்?”

“இல்லயாம்.”

தெருவில் தயிர்க்காரி கூவிக்கொண்டு போனாள். சுப்பிரமணியன் ஆணி டப்பாவைத் திறந்தான், மூடினான்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிய வேணாம்னு இருக்குது அதுக்கு.” அவள் குரல் மாறியது. “நேத்து நீ ஏம்ப்பா தட்டுன?”

“நீ நின்னுட்டம்மா.”

“நான் தெரியாம நிக்கல. வேணும்னுதான் நின்னன். இப்டியே காலத் தூக்கி வெச்சிட்டா போதும், எவன் மேலயாவது முட்டி, தட்டோட வுழுவன், எல்லாத்துக்கும் தெரிஞ்சிபோவும், நான் வாயால சொல்ல வேணாம்னு நெனச்சன். சொல்ல வாயி வரல எனக்கு. அவுரு போன்ல பேசும்போதெல்லாம் சொல்லப் பாக்குறன், வரல. வுழுந்தா முடிஞ்சிரும்னு இருந்தன். நீ தட்டுன. காலு தானா வந்துருச்சி.”

சுப்பிரமணியன் ஆணி டப்பாவைக் கீழே வைத்தான். “நானும் சொல்லத்தாம்மா வாயெடுத்தன். வம்சத்துலன்னு.”

“தெரியும். ‘அது வந்துங்க’ன்னு ஆரம்பிச்ச. கேட்டன்.”

“இப்பக்கூட சொல்லலாம்.”

“யாரு சொல்றது? நீயா, நானா?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“மெஷின எப்ப எடுத்துகினு போறாங்க?”

“சாயங்காலம் ராபர்ட்டு வர்றான்.”

“அதுக்குள்ள ஒண்ணு செய்யி. சீரு வரிசையில சோறு திங்கிற டேபிளு ஒண்ணு அம்மா எடுத்துத் தரும். கடையில எடுத்தா நாலு மூலயா இருக்கும். நீ வட்டமா ஒண்ணு வெட்டிக் குடு. ராத்திரில நடந்தா இடுப்புல குத்தாது.”

அவன் ஆணி டப்பாவைக் கையில் எடுத்தான்.

வீட்டில் இருந்ததிலேயே பெரிய பலகை அமராவதி கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்த தேக்குப் பலகைதான். வெண்மதி அதை இழுத்து வந்தாள். கேட்டதற்கு, சீருக்கு என்று சொன்னாள். அமராவதிக்குச் சந்தோஷம். “பாசத்துல செய்யிறாரு, செய்யட்டும்” என்றாள். பட்டையின் கடைசித் துளைகூட எட்டவில்லை. அவன் வேறு பட்டை எடுத்துப் புதுத் துளை போட்டான். கயிறு பிடித்து மையம் பார்த்தான். ஆணி ஆடக்கூடாது என்று, இருந்ததிலேயே தடித்த ஆணியாகத் தேடி, ஆழமாக அடித்தான். அமராவதி சோற்றுக்குக் கூப்பிட்டாள். போகவில்லை. தேக்குத்தூள் வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் அரித்தது. முட்டி வலித்தால் நிறுத்தினான், மறுபடி இறங்கினான். இறக்கம் குறைவு, சுற்றுகள் அதிகம். மெஷின் சூடேறி நாறியது. ஆறவிட்டு மறுபடி ஓட்டினான். கடைசிச் சுற்று முடிந்தபோது, மரத்தில் இருந்து மரம் விடுபடுகிற சின்ன அசைவு கையில் தெரிந்தது. நிறுத்தினான். மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது.

ராபர்ட் நனைந்துகொண்டு வந்தான். “ஏண்டா இருட்டுல ஒக்காந்திருக்க? அட, ஒனக்கெங்க” என்று தனக்கே சொல்லிக்கொண்டு கொட்டகை சுவிட்சைப் போட்டான். சுவிட்ச் டப்பென்று விழுந்தது. அவன் மெஷினைச் சாக்கில் சுற்றினான்.

“என்னாடா, நெசமாவே குடுக்குறியா? மெஷின்ல கண்ணு போச்சின்னு சொன்னியாமே. நாந்தான ஒனக்குக் குடுத்தன். அப்ப நான்தான் ஒன் கண்ணப் புடுங்குனனா?”

“எடுத்துகினு போடா.”

“எப்ப வேணும்னாலும் கடைக்கி வா. அங்கியே வெட்டு” என்றான் ராபர்ட், கொஞ்சம் தாழ்ந்த குரலில். “கல்யாணம் முடியட்டும், மறுபடி கொண்டாந்து போட்டுடறன்.” வண்டி சேற்றில் உறுமிக்கொண்டு போனது.

வெண்மதி கொட்டகைக்கு வந்தாள். துவைக்கிற கல்லை அவள் கால் தொட்டுத் திரும்பியது அவனுக்குக் கேட்டது. அவன் தொடுகிற அதே இடம்.

“முடிஞ்சிதாப்பா?”

“முடிஞ்சிது. பாரு.”

அவள் குனிந்தாள். பெரிய தட்டு. அது வந்த ஓட்டையிலேயே இன்னும் கிடந்தது. சுற்றிலும் விரல் நுழையாத இடுக்கு. பிறகு மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. நகம் மரவிளிம்பில் ஓடுகிற சத்தம். மெதுவாகச் சுற்றிப் போய், எதிர்ப்பக்கம் போய், திரும்பி வந்து ஆரம்பித்த இடத்தில் நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தடங்கல் ஒன்றும் இல்லை.

“எவ்ளோம்மா?” என்றான்.

“தெரியலப்பா.”

இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை.

அடுப்படிக்குள் இருந்தே அமராவதி கேட்டுக்கொண்டு வந்தாள். “என்னாடி தெரியல? இருட்டுல என்னாத்தப் பாக்குற? லைட்டப் போட்டுப் பாக்க வேண்டியதுதான?”

ஈரத்தரையில் அவள் நடந்து வந்தாள். கொட்டகைக் கம்பத்துக்கிட்ட, சுவிட்சு இருக்கிற இடத்தில் வந்து நின்றாள். சுவிட்ச் விழுகிற சத்தத்துக்காகச் சுப்பிரமணியன் காத்திருந்தான்.

சத்தம் வரவில்லை. ராபர்ட் போட்ட விளக்கு அவர்கள் தலைக்கு மேலே எரிந்துகொண்டுதான் இருந்தது.